அது சேப்பாக்கம் இல்லை

32 ஓவர், 27 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 5 ரன், விக்கெட் இல்லை. இந்தியப் பந்துவீச்சாளர் பாபு நட்கர்ணியின் இந்தக் கணக்கு கிரிக்கெட் பைத்தியங்களுக்கெல்லாம் மனப்பாடம். 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அவர் தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் போட்டார். 131 பந்துகளில் ஒரு ரன்கூடக் கிடையாது. எந்த ஊர் என்று கேட்டால் மெட்ராஸ் என்று டக்கென்று பதில் வரும். எந்த மைதானம் என்று கேட்டுப் பாருங்கள். சேப்பாக்கம் என்பார்கள், அதிலென்ன சந்தேகம் என்கிற முகத்தோடு.

சேப்பாக்கம் இல்லை. அது பெரியமேட்டில், ரிப்பன் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருக்கும் நேரு ஸ்டேடியம். அன்றைக்கு அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியிலிருந்து 1965 மார்ச் வரை மெட்ராஸில் நடந்த டெஸ்ட்கள் எல்லாமே அங்கேதான் நடந்தன. மொத்தம் ஒன்பது. சேப்பாக்கத்தில் அந்த வருடங்களில் ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது.

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் "அப்படியா, அங்கே ஃபுட்பால்தானே ஆடுவாங்க?" என்று கேட்கிறார்கள். ஓட்டப்பந்தயத்துக்குப் போனவர்களுக்கு அது தடகள மைதானம். சினிமாப் பாட்டு வெளியீட்டுக்குப் போனவர்களுக்கு நேரு ஸ்டேடியம் என்றாலே பக்கத்திலிருக்கும் உள்ளரங்கம்தான். ஒவ்வொருவரும் அதன் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எல்லா விளையாட்டுக்கும் இடம் கொடுத்த மைதானத்தை எந்த விளையாட்டும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் ரொம்ப நாளாக என்னுடைய ஆதங்கம்.

அந்த இடத்துக்கே அப்படியொரு ராசி. 1859-ல் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் மெட்ராஸ் மக்களுக்காக ஒரு பெரிய பூங்காவுக்கு ஏற்பாடு செய்தார். பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். குளங்கள், மிருகக்காட்சிசாலை, வருடக் கடைசியில் பார்க் ஃபேர் என்கிற திருவிழா என்று ஊர் மொத்தமும் கூடுகிற இடமாக அது இருந்தது. 1886 டிசம்பர் 31-ம் தேதி அந்தத் திருவிழாவில் பிடித்த தீயில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் பூங்காவை ஆளாளுக்குக் கொஞ்சமாகக் கடித்து எடுத்துக்கொண்டார்கள். விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். 1913-ல் ரிப்பன் கட்டடம் எழுந்தது. மாநகராட்சியின் மைதானமும் இந்த நிலத்தில் வந்ததுதான். மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூரில் புது இடத்தில் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் அதே வருடம் எரிந்துபோனது. பூங்கா என்று சொல்ல இப்போது மை லேடீஸ் கார்டன் மாதிரி சில துண்டுகள்தான் மிச்சம்.

டெஸ்ட் கிரிக்கெட் ஏன் சேப்பாக்கத்தை விட்டு இங்கே வந்தது? சேப்பாக்கம் அப்போது 1846-ல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. மாகாணத்தின் கிரிக்கெட் சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு மைதானம் கிடையாது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-ல் சேப்பாக்கத்தில்தான் பெற்றது. அதே வருடக் கடைசியில் பாகிஸ்தானும் அங்கே ஆடியது. அடுத்த டெஸ்ட் ஊருக்கு வந்தபோது அது மாநகராட்சியின் மைதானத்துக்குப் போய்விட்டது. கிளப்பின் புல்வெளியிலிருந்து ஊராட்களின் மைதானத்துக்குப் போனது என்று நான் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் எனக்குப் பிடித்த மிகை.

வந்த முதல் டெஸ்டே எப்பேர்ப்பட்டது! 1956 ஜனவரி 6, நியூஸிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் இறங்கினார்கள். முதல் நாள் ஆட்டம் முடியும்போது 234, விக்கெட் விழவில்லை. மறுநாள், 1948-ல் இங்கிலாந்தின் ஹட்டனும் வாஷ்புரூக்கும் எடுத்திருந்த 359 என்கிற உலக சாதனையைத் தாண்டினார்கள். 413-ல்தான் ராய் 173 எடுத்து வெளியே போனார். மன்கட் 231. இந்தியா 3 விக்கெட்டுக்கு 537 என்று டிக்ளேர் செய்து, இன்னிங்ஸும் 109 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த 413 டெஸ்ட் கிரிக்கெட்டின் தொடக்க ஜோடி சாதனையாக 52 வருடம் நின்றது. 2008-ல் சிட்டகாங்கில் கிரேம் ஸ்மித்தும் நீல் மெக்கன்சியும் 415 எடுத்தபோதுதான் உடைந்தது. அரை நூற்றாண்டு நின்ற உலக சாதனை பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று நாம் ஷட்டில்காக் வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெரியமேட்டின் அந்த விளையாட்டுச் சாமான் கடைகளுக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் கொண்டாட்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதே 1956 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் வந்த ஆஸ்திரேலியா, இன்னிங்ஸும் 5 ரன்னும் வித்தியாசத்தில் அடித்துவிட்டுப் போனது. ஒரு இன்னிங்ஸில் பெனோவுக்கு 7 விக்கெட், இன்னொன்றில் லிண்ட்வாலுக்கு 7. 1959 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டுக்கு முன்னால் வீரர் தேர்வில் வந்த தகராறில் பாலி உம்ரிகர் கேப்டன் பதவியே வேண்டாம் என்று விலகினார். மன்கட் தலைமையில் இறங்கிய இந்தியா 295 ரன்னில் தோற்றது. அந்தத் தொடரில் மட்டும் இந்தியாவுக்கு நான்கு கேப்டன்கள். இன்றைக்கு நடந்திருந்தால் தொலைக்காட்சிகள் ஒரு மாதம் சாப்பிட்டிருக்கும்.

1962 ஜனவரியில் வந்தது பெரிய நாள். நாரி கான்ட்ராக்டரின் அணி இங்கிலாந்தை 128 ரன்னில் தோற்கடித்து, தொடரை 2-0 என்று எடுத்தது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர் அதுதான், அது முடிந்த இடம் இந்த மைதானம். சலீம் துரானி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 10 விக்கெட். ஆனால் எனக்கு அந்த ஆட்டத்தில் முக்கியமானவர் 21 வயது மன்சூர் அலி கான் பட்டோடி. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஒரு கார் விபத்தில் அவருடைய வலது கண் பார்வை போயிருந்தது. ஒற்றைக் கண்ணோடு தன் முதல் டெஸ்ட் சதத்தை, 103, இங்கே அடித்தார். 1964-ல் அவரே கேப்டனாக இதே மைதானத்துக்கு வந்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 128 நாட் அவுட். அதே ஆட்டத்தில் நட்கர்ணிக்கு 11 விக்கெட். ரன் கொடுக்காதவர் என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

என் பெரியப்பா அந்த 1964 ஜனவரி டெஸ்டைப் பார்த்தவர். பள்ளிக்கூடத்துப் பையன் அப்போது. நட்கர்ணி போட்டது எப்படி இருந்தது பெரியப்பா என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமே நடக்கலப்பா. ஒண்ணும் நடக்காததைத்தான் நாள் பூரா பார்த்தோம்" என்றார். அவருக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய விக்கெட் கீப்பர் புதி குந்தரன், முதல் நாளிலேயே 170 ரன் அடித்து நின்றார். மறுநாள் 192-ல் அவுட். இரட்டைச் சதத்துக்கு எட்டு ரன் பாக்கி. பெரியப்பா அந்த எட்டு ரன்னைக் கடன் பாக்கி மாதிரியே கடைசிவரை பேசினார்.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மன்கட்டின் 231, டெஸ்டில் ஒரு இந்தியர் எடுத்த அதிகபட்ச ரன்னாக 27 வருடத்துக்கு மேல் இருந்தது. அதை உடைத்தவர் கவாஸ்கர், 1983 டிசம்பரில், 236 நாட் அவுட். எங்கே? சேப்பாக்கத்தில். குந்தரனின் 192, இந்திய விக்கெட் கீப்பர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக 49 வருடம் இருந்தது. அதை உடைத்தவர் தோனி, 2013 பிப்ரவரியில், 224. எங்கே? அதுவும் சேப்பாக்கத்தில். பெரியமேட்டின் சொத்தை இரண்டு தடவையும் அதே ஊரின் இன்னொரு மைதானம் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் ரொம்பச் செயற்கை என்று நான் ஒதுக்கியிருப்பேன்.

கடைசி டெஸ்ட் 1965 பிப்ரவரி கடைசியில், நியூஸிலாந்துக்கு எதிராக. டிரா. அதில் அறிமுகமானவர் எஸ். வெங்கட்ராகவன், நம்ம ஊர் வெங்கட். சென்னைக் கிரிக்கெட்டின் முகமாக அடுத்த பல வருடங்கள் இருக்கப்போகிறவர், கிரிக்கெட் விடைபெற்றுக்கொண்டிருந்த மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடினார். 1967 ஜனவரியில் சோபர்ஸின் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது டெஸ்ட் மறுபடி சேப்பாக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் அங்கே சங்கத்தின் ஸ்டேடியம் வளர்ந்து, எம்.ஏ. சிதம்பரம் பெயர் வந்து, பாக்கியெல்லாம் தெரிந்த கதை.

நேரு ஸ்டேடியத்துக்குக் கால்பந்து மிச்சமிருந்தது. ஊரின் சீனியர் டிவிஷன் லீக் இங்கே ஆடப்பட்டது. ஐ.சி.எஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகளின் காலம் அது. பந்து நன்றாக ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பதற்காகவே வடசென்னைப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டங்கள். ஸ்கோர்கார்டு வைத்துப் பாதுகாக்க கிரிக்கெட்டுக்கு இருக்கிற ஆட்கள் அந்த லீகுக்கு இல்லை. அதனால் நானும் இங்கே நாலு வரியில் தாண்டிப் போகிறேன், தப்புதான் என்று தெரிந்தே.

1993-ல் பழைய ஸ்டேடியத்தின் இடத்தில் புதிது எழுந்தது. ஜெயலலிதா முதல்வராக இருந்த காலம். 40,000 பேர் உட்காரலாம் என்று சொன்னார்கள். அந்த வருட நேரு கோப்பைக் கால்பந்து இங்கே நடந்து, வடகொரியா கோப்பையை எடுத்துப்போனது. பக்கத்தில் உள்ளரங்கமும் வந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். இங்கிலீஷில் ஊர் பெயர் மெட்ராஸாக இருந்த கடைசி டிசம்பர் அது. இப்போது நாம் பார்க்கிற வடிவம் அந்தச் சமயத்தில் வந்ததுதான்: நடுவில் கால்பந்து, சுற்றிச் செயற்கை ஓடுதளம், அதற்கு வெளியே கேலரி. கிரிக்கெட் திரும்பி வருவதற்கான வழி அந்த வடிவத்திலேயே மூடிவிட்டது.

ஏன் என்பதைக் கொஞ்சம் அளவோடு சொல்கிறேன், எனக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும். 400 மீட்டர் ஓடுதளத்தின் வழக்கமான வடிவத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அப்படியென்றால் உள்ளே இருக்கும் புல்தரையின் அகலம் 73 மீட்டர். 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களம் இதற்குள் உட்கார்ந்துவிடும், மூலைகள் வளைவில் இடிக்காமல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் மிச்சம் வைத்துக்கொண்டு. கச்சிதமான பொருத்தம். கிரிக்கெட்டுக்கு இது நடக்காது. பிட்ச்சின் நடுவிலிருந்து எல்லைக்கோடு எந்தப் பக்கமும் கிட்டத்தட்ட 60 மீட்டராவது இருக்க வேண்டும். இங்கே பக்கவாட்டில் 36.5 மீட்டரிலேயே ஓடுதளம் வந்துவிடுகிறது. எட்டு லேனையும் தாண்டினால்கூட 46 மீட்டர்தான், அப்புறம் கேலரிச் சுவர்.

பல்நோக்கு மைதானம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எல்லா நோக்கமும் ஒரே வட்டத்தில் அடங்காது. யாரை உள்ளே விடுவது, யாரை அனுசரித்துப் போகச் சொல்வது என்று முதல் நாளே கோடு போட்டாக வேண்டும். இங்கே அனுசரித்துப் போவது கால்பந்து ரசிகன். மேலே சொன்ன அளவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் வளைவின் உள்ளோரத்துக்கு 26 மீட்டர். அதற்கு மேல் எட்டு லேன், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர். ஆகமொத்தம் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் 36 மீட்டர் வெறும் தரை. எதிர்ப்பக்கத்துக் கோலுக்கு முன்னால் நடப்பது என்ன என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கோல் விழுந்ததா ஆஃப்சைடா என்று பக்கத்து சீட்டுப் பையனின் மொபைலில் பார்த்துத் தெரிந்துகொண்டதும் உண்டு.

2014-ல் ஐ.எஸ்.எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வந்தது, சென்னையின் எஃப்.சி. என்கிற அணி இதைத் தன் வீடாக்கிக்கொண்டது. ரசிகர்கள் நடுவில் மெரினா அரீனா என்று ஒரு பெயரும் ஓடியது. மெரினாவுக்கும் பெரியமேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கார்ப்பரேஷன், நேரு, மெரினா என்று வாடகைக்கு வருகிறவர் வைக்கிற பெயரையெல்லாம் வாங்கிக்கொள்கிற இடம் அது. அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர் தோனி என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். குந்தரனின் சாதனையைச் சேப்பாக்கத்தில் உடைத்தவர், அடுத்த வருடமே குந்தரனின் மைதானத்துக்குக் கால்பந்து அணியோடு வந்து சேர்ந்தார். பெரியப்பா இருந்திருந்தால் அந்த எட்டு ரன்னை அவரிடம் கேட்கச் சொல்லியிருப்பார்.

அந்த அணிக்காக எலானோ முதல் சீசனில் 8 கோல், மென்டோசா இரண்டாவது சீசனில் 13. இரண்டு பேருமே அந்தந்த வருடத்தின் அதிக கோல்காரர்கள். 2015-லும் 2018-லும் மஞ்சள்சட்டைக் கிரிக்கெட்காரர்கள் இருக்கிற ஊரின் இந்த நீலச்சட்டைக்காரர்கள் சாம்பியன் ஆனார்கள். ஆனால் இறுதிப் போட்டிகள் கோவாவிலும் பெங்களூரிலும் நடந்தன. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து ஊரே மிதந்தபோது, சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவின் பாலேவாடி ஸ்டேடியத்துக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2013 ஜூலையில், ஆசிய தடகளப் போட்டிகள் இங்கே நடக்க இருந்தன. இலங்கை வீரர்கள் வருவதை ஏற்க முடியாது என்று தமிழக அரசு சொல்லிவிட்டதால் அதுவும் இடம் மாறியது. எங்கே போனது தெரியுமா? அதே பாலேவாடிக்கு. இந்த ஸ்டேடியத்துக்கு வரவேண்டியதை வாங்கிக்கொள்ளச் சேப்பாக்கத்துக்கு அடுத்தபடி ஒரு இடம் உண்டென்றால் அது புனேதான்.

ஊரின் இன்னொரு கால்பந்து அணியான சென்னை சிட்டி எஃப்.சி.யும் ஐ-லீக் என்கிற தேசியக் கால்பந்து லீகை ஒரு சீசன் இங்கே ஆடிவிட்டுக் கோயம்புத்தூர் போனது. போன இடத்தின் பெயரும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம்தான். நாட்டில் டெல்லி, கொச்சி, ஷில்லாங், மட்காவ் என்று எங்கே போனாலும் ஒரு நேரு ஸ்டேடியம் இருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி அவர்கள் 2018-19 ஐ-லீக்கை ஜெயித்தார்கள். நம்ம நேரு ஸ்டேடியத்துக்கு அந்தக் கோப்பையும் இல்லை.

இப்போது கால்பந்து நண்பர்கள் நடுவில் அடிக்கடி வரும் பேச்சு, ஓடுதளத்தை எடுத்துவிட்டு கேலரியை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. டூரினில் யுவென்டஸ் அணி ஓடுதளம் வைத்த டெல்லே ஆல்பியை இடித்துவிட்டுக் களத்தை ஒட்டிய சின்ன ஸ்டேடியம் கட்டிக்கொண்டது. மியூனிக்கில் பயர்ன் 2005-ல் ஒலிம்பிக் மைதானத்தை விட்டே வெளியேறியது. கிரிக்கெட்டையும் கால்பந்தையும் ஒரே தரையில் ஆடப் பார்த்த கொச்சியில், 2018-ல் ஒருநாள் போட்டிக்காகப் புல்லைத் தோண்டப்போகிறார்கள் என்று கால்பந்துக்காரர்கள் கொதித்தெழுந்து, போட்டியே திருவனந்தபுரத்துக்கு மாறியது. கூட்டுக்குடித்தனம் எங்கேயும் சுலபமாக ஓடியதில்லை.

ஆனாலும் ஓடுதளத்தை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐ.எஸ்.எல் ஒரு சீசனுக்குச் சில ராத்திரிகள்தான். தடகளப் பிள்ளைகளுக்கோ அதுதான் அன்றாடம். 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளம் இங்கே நடந்தது, இந்த ஸ்டேடியத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்கிறவர்கள் யாராவது உண்டென்றால் இப்போதைக்கு அவர்கள்தான். கால்பந்துக்கென்று தனி ஸ்டேடியம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதைப் பெரியமேட்டில் இருப்பவர்களைக் கிளப்பிவிட்டுக் கேட்க வேண்டியதில்லை. கிரிக்கெட் போனது போதும்.

என்னிடம் யாராவது இந்த மைதானத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் கேட்கப்போவது ரொம்பச் சின்னது, செலவு குறைவு. வாசலில் ஒரு பலகை. ஒன்பது டெஸ்ட்களின் தேதி, ஆடிய அணிகள், முடிவு: வெற்றி இரண்டு, தோல்வி நான்கு, டிரா மூன்று. கீழே மன்கட், ராய், துரானி, பட்டோடி, குந்தரன், நட்கர்ணி, வெங்கட் என்று பெயர்கள். பந்து வாங்க வருகிற பையன் படித்துவிட்டுப் போகட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் சேப்பாக்கம் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரியும்.